இரவல் கர்ப்பப்பையில் வளரும் உயிர்

2018 அக்டோபர் 18-ம் தேதி, புனேயின் கேலக்ஸி கேர் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1.45 கிலோ. மாதம் நிறையக் காத்திருக்க முடியாமல் சிசேரியன் செய்து எடுத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்த கர்ப்பப்பையில்தான் பல ஆண்டுகளுக்கு முன்பு அவளுடைய அம்மாவும் வளர்ந்திருந்தார். கர்ப்பப்பைக்குச் சொந்தக்காரர் பாட்டி. மகளின் கர்ப்பப்பை கரு தங்க முடியாதபடி பழுதாகிவிட, அவர் தன்னுடையதைக் கொடுத்தார். 2017 மே மாதத்தில் டாக்டர் ஷைலேஷ் புந்தாம்பேகரின் குழு அதை மகளின் வயிற்றுக்குள் பொருத்தியது. கர்ப்பப்பை மாற்று சிகிச்சைக்குப் பிறகு இந்தியாவில் மட்டுமல்ல, ஆசியாவிலேயே பிறந்த முதல் குழந்தை அது.

அன்றைய செய்திகள் எல்லாம் அறுவை சிகிச்சையைப் பற்றியே பேசின. எத்தனை மணி நேரம் ஆயிற்று, ரத்தக் குழாய்களை எப்படித் தைத்தார்கள் என்று விலாவாரியாக எழுதினார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் தையல் போட்டு முடித்த பிறகு தொடங்கும் கதை அதைவிடப் பெரியது. பாட்டியின் சிறுநீரகத்தை மகளுக்கு வைத்தாலே, மாத்திரை இல்லாவிட்டால் சில நாட்களில் உடல் அதை அழிக்கப் புறப்பட்டுவிடும். இங்கே வைத்ததோ கர்ப்பப்பை. அதற்குள் மருமகனின் மரபணுவில் பாதியைத் தாங்கிய இன்னொரு உயிரும் வந்து குடியேறுகிறது. அந்நியமான உறுப்பு ஒன்று, அதற்குள் பாதி அந்நியமான கரு ஒன்று. மகளின் உடல் இரண்டையும் எட்டு மாதம் எப்படிப் பொறுத்துக்கொண்டது?

உலகெங்கும் இந்தச் சிகிச்சை நூறு பேரைத் தாண்டிவிட்ட பிறகும், நம் ஊரில் இதைப் பேசுகிறவர்கள் அதிகம் தொடாத கேள்வி இது. இந்தச் சிகிச்சையை நாடப்போகும் ஒரு பெண்ணுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியதும் இதன் பதில்தான்.

யார் அந்நியர்?

நம் உடலின் அநேகமாக எல்லா செல்களின் மேற்பரப்பிலும் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. ரத்தத்தில் சுற்றும் வெள்ளை அணுக்கள் இவற்றைத் தடவிப் பார்த்துத்தான் ‘நம்முடையதா, வேற்றாளா’ என்று முடிவு செய்கின்றன. இவற்றுக்கான மரபணுக்களில் ஒரு தொகுதி அப்பாவிடமிருந்தும், ஒரு தொகுதி அம்மாவிடமிருந்தும் வருகிறது.

புனே குடும்பத்தைப் போன்ற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டியிடம் இரண்டு தொகுதிகள் உண்டு. அவற்றில் ஒன்று மகளிடமும் இருக்கிறது. ஆகவே பாட்டியின் கர்ப்பப்பையில் பாதி மகளுக்குத் தெரிந்த முகம், மறுபாதி தெரியாத முகம். அந்த மறுபாதியைத்தான் மகளின் எதிர்ப்பு மண்டலம் தாக்க நினைக்கும். அடுத்து வயிற்றில் வளரும் பேத்தி. அவளுக்கு அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி. அம்மா கொடுத்தது பாட்டி வழி வந்ததாகவும் இருக்கலாம், தாத்தா வழி வந்ததாகவும் இருக்கலாம், சரிபாதி வாய்ப்பு. தாத்தா வழி வந்தது என்றால், கர்ப்பப்பைக்கும் அதற்குள் இருக்கும் குழந்தைக்கும் இந்த விஷயத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தாயின் வெள்ளை அணுக்கள் ஒரே இடத்தில் இரண்டு அந்நியர்களைச் சந்திக்கின்றன. கர்ப்பப்பை வழியாக வந்த அந்நியத்தை மாத்திரைகள் மறைத்து வைக்க வேண்டும். தந்தை வழியாக வந்த அந்நியத்தை, எல்லாக் கர்ப்பங்களிலும் நடப்பதுபோல, இயற்கையே சமாளித்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு சமாதானங்கள்; ஆனால் இரண்டும் வெவ்வேறு வழியில் ஏற்பட்டவை.

மெடவாரின் கேள்வி

இரண்டாவது சமாதானமே பெரிய புதிர். எலிகளிலும் மனிதர்களிலும் தோல் ஒட்டுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார், 1953-ல் அதைக் கேள்வியாக முன்வைத்தார். ஒருவர் தோலை இன்னொருவர் மேல் ஒட்டினால் உதிர்ந்துபோகிறது. பாதி அந்நியமான கருவை மட்டும் தாயின் உடல் மாதக்கணக்கில் எப்படித் தாங்குகிறது? அவர் மூன்று சாத்தியங்களைச் சொன்னார். தாய்க்கும் கருவுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கலாம். கருவுக்குத் தன் அடையாளத்தைக் காட்டும் முதிர்ச்சி வராமல் இருக்கலாம். அல்லது கர்ப்ப காலத்தில் தாயின் எதிர்ப்பு சக்தியே மந்தமாகிவிடலாம். எதிர்ப்பு மண்டலத்தின் சகிப்புத் தன்மை பற்றிய வேலைக்காக 1960-ல் மெடவாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பத்தைப் பற்றிய அவருடைய மூன்று ஊகங்களோ அப்படியே நிற்கவில்லை. கருவுக்கு அடையாளம் உண்டு. கர்ப்பிணியின் எதிர்ப்பு மண்டலம் தூங்குவதும் இல்லை. தடுப்பு இருக்கிறது என்பது மட்டும் ஓரளவு உண்மை. ஆனால் அந்தத் தடுப்பு சுவர்போல் சும்மா நிற்பது அல்ல, பேச்சுவார்த்தை நடத்துவது.

அந்தப் பேச்சுவார்த்தை நடக்கும் இடம் நஞ்சுக்கொடி. கருவிலிருந்தே உருவாகும் உறுப்பு அது, தாயுடையது அல்ல. அதன் வெளிச் செல்களுக்கு இரண்டு முகங்கள். தாயின் ரத்தத்தில் நேரடியாக மிதக்கும் முகத்தில் எச்.எல்.ஏ. அடையாளமே கிடையாது. தடவிப் பார்க்கும் வெள்ளை அணுவுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் சிக்காது. கர்ப்பப்பையின் சுவரைத் துளைத்து உள்ளே இறங்கும் இன்னொரு வகை செல்களுக்கு அடையாளம் உண்டு. ஆனால் சண்டையை அதிகம் மூட்டும் எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி இரண்டையும் அவை வெளிக்காட்டுவதில்லை. சி, இ வகைகளையும், நஞ்சுக்கொடிக்கே உரிய ஜி வகையையும் மட்டும் காட்டுகின்றன. இவற்றைக் கொல்ல வரும் செல்களுக்கு ‘அடிக்காதே’ என்ற செய்தி போய்ச் சேர்கிறது.

அங்கே காத்திருப்பவை சாதாரண காவல் செல்களும் அல்ல. கருத்தரித்த முதல் மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சுவரில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ‘இயற்கைக் கொல்லி’ செல்கள். ரத்தத்தில் ஓடும்போது இதே இனம் வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுநோய் செல்லையும் கொல்லும். கர்ப்பப்பைக்குள் வந்துவிட்டாலோ அதன் வேலையே மாறிவிடுகிறது. சுவரில் சுருள்சுருளாகக் கிடக்கும் சின்னஞ்சிறு தமனிகளைத் தளர்த்த அது உதவுகிறது. நஞ்சுக்கொடியின் செல்கள் அந்தத் தமனிகளுக்குள் இறங்கி, அவற்றின் தசைச் சுவரைக் கரைத்து, அகலமான வாய்க்காலாக்குகின்றன. இருபதாவது வாரத்துக்குள் இது ஒழுங்காக முடிந்தால் குழந்தைக்கு ரத்தம் தாராளமாகப் பாயும். அரைகுறையாக நின்றுவிட்டால், பின்னாளில் தாயின் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கசிந்து, ப்ரீ-எக்லாம்ப்சியா வரும் அபாயம் கூடும். கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மாஃபெட்டின் குழு காட்டியதும் இதை ஒட்டியதே. தாயின் கொல்லி செல்களில் இருக்கும் சில ஏற்பிகளும், கருவின் எச்.எல்.ஏ.-சியின் ஒரு வகையும் பொருந்தாமல் போகும் கர்ப்பங்களில் ப்ரீ-எக்லாம்ப்சியா அதிகமாக வருகிறது.

இப்போது இரவல் கர்ப்பப்பைக்குத் திரும்புவோம். சுவர் பாட்டியுடையது, தமனியின் தசை பாட்டியுடையது. அங்கே நின்று கருவை வரவேற்க வேண்டிய கொல்லி செல்கள் மட்டும் யாருடையவை? கொடுத்தவருடையவையா, வாங்கியவருடையவையா?

இதற்கு 2021-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் ‘சயின்ஸ் இம்யூனாலஜி’ இதழில் பதில் தந்தார்கள். கர்ப்பப்பை மாற்று செய்துகொண்ட பெண்களின் திசுவைப் பரிசோதித்தபோது, அங்கிருக்கும் கொல்லி செல்களின் இடம் ரத்தத்திலிருந்து வருபவற்றால் நிரப்பப்பட முடியும் என்று தெரிந்தது. மாதவிலக்கில் உள்சுவர் உதிர்ந்து, மீண்டும் வளரும்போது, தாயின் ரத்தத்திலிருந்து வரும் செல்கள் அங்கே குடியேறிப் பக்குவப்படுகின்றன. வீடு வேறொருவருடையது என்றாலும், காவலுக்கு வருபவர்கள் தாயின் ஆட்கள்தான். அதனால்தான் கருவோடு நடக்கும் பேச்சுவார்த்தை தாய்க்கும் சேய்க்கும் இடையிலான பேச்சுவார்த்தையாகவே இருக்க முடிகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. இரவல் வாங்கிய உறுப்பை மாதம்தோறும் உடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையதாக்கிக் கொள்கிறது.

கோதன்பர்க்கில் 2014

உலகின் முதல் குழந்தை பிறந்தது ஸ்வீடனில். கோதன்பர்க் நகரில் மாட்ஸ் பிரான்ஸ்ட்ராமின் குழு 2012, 2013-ல் ஒன்பது பெண்களுக்குக் கர்ப்பப்பை மாற்று செய்தது. எலி, பன்றி, செம்மறி, குரங்கு என்று பத்தாண்டுகளுக்கு மேல் விலங்குகளில் பழகிய பிறகே மனிதருக்கு வந்தார்கள். ஒன்பதில் இரண்டை எடுத்துவிட நேர்ந்தது. ஒன்றில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. மற்றதில் கிருமித் தொற்று தீரவில்லை. எஞ்சியவர்களில் ஒருவருக்கு 2014 செப்டம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தத் தாய்க்கு வயது 35. பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாதவர். எம்.ஆர்.கே.எச். எனப்படும் அந்தக் குறை ஏறக்குறைய 4,500 பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. கொடுத்தவர் 61 வயதான குடும்ப நண்பர். மாதவிலக்கு நின்று ஏழு ஆண்டுகள் ஆனவர்.

கருக்குழாய்களைச் சேர்த்து வைப்பதில்லை என்பதால் இயற்கையாகக் கருத்தரிக்க வழியில்லை. மாற்று சிகிச்சைக்கு முன்பே ஐ.வி.எஃப். முறையில் கருக்களை உருவாக்கி உறைநிலையில் வைத்திருந்தார்கள். ஓராண்டு காத்திருந்து, ஒரே ஒரு கருவை வைத்தார்கள். அந்தப் பெண்ணின் உடல் மூன்று முறை கர்ப்பப்பையை மறுத்தது. மூன்றும் லேசானவை, அவற்றில் ஒன்று கர்ப்பத்தின்போதே நடந்தது. மூன்று தடவையும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கினார்கள். 31 வாரம் 5 நாளில் ப்ரீ-எக்லாம்ப்சியா வந்தது. உடனே சிசேரியன். குழந்தையின் எடை 1,775 கிராம். அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான் இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். எம்.ஆர்.கே.எச். உள்ளவர்களில் பலருக்குச் சிறுநீரகக் கோளாறும் கூடவே வருகிறது. அவர் சாப்பிட்ட முக்கிய மாத்திரையும் சிறுநீரகத்தைப் பதம் பார்ப்பது. ரத்த அழுத்தத்தையும் ஏற்றுவது.

மாத்திரைகளின் கணக்கு

அந்த மாத்திரை டாக்ரோலிமஸ். 1984-ல் ஜப்பானின் சுகுபா பகுதியில் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து கண்டெடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் பல்கிப் பெருகுவதற்கு ஐ.எல்.-2 என்ற சமிக்ஞை வேண்டும். அந்தச் சமிக்ஞையின் உற்பத்தியையே டாக்ரோலிமஸ் நிறுத்திவிடுகிறது. இதோடு அசாதியோபிரின், ஸ்டீராய்டு என்று மூன்றும் சேர்ந்ததே கோதன்பர்க்கின் மருந்துமுறை.

வயிற்றில் குழந்தை இருக்கும்போது இதையெல்லாம் சாப்பிடலாமா என்று பதறுவது நியாயம்தான். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட பெண்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளை பெற்று வருகிறார்கள். அவர்களிடமிருந்து கிடைத்த அனுபவம் இங்கே கைகொடுக்கிறது. சிறுநீரகம் மாற்றிய பிறகு முதன்முதலில் ஒரு தாய் பிரசவித்தது 1958-ல், அமெரிக்காவில். தன் இரட்டைச் சகோதரியின் சிறுநீரகம் என்பதால் அவருக்கு மருந்தே தேவைப்படவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் மருந்தோடு பெற்றார்கள். அசாதியோபிரின் நஞ்சுக்கொடியைக் கடந்து போனாலும், அதை வீரியமுள்ள வடிவமாக மாற்றும் நொதி கருவின் கல்லீரலில் இல்லை. ஸ்டீராய்டு வகையில் பிரெட்னிசலோனைக் கொடுத்தால், அதில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்து, சுமார் பத்தில் ஒரு பங்கை மட்டும் குழந்தைக்கு விடுகிறது. டாக்ரோலிமஸ் கடந்து போகிறது. ஆனாலும் பிறவிக் குறைபாடுகளைப் பெரிதாகக் கூட்டியதாகத் தெரியவில்லை. குறைப்பிரசவமும் குறைந்த எடையும்தான் அதிகம்.

தவிர்த்தே ஆக வேண்டியது மைக்கோஃபீனோலேட். உறுப்பு மாற்று நோயாளிகளுக்குச் சர்வசாதாரணமாகக் கொடுக்கப்படும் மருந்து அது. கருவின் காது, உதடு, அண்ணம் ஆகியவற்றில் குறையை உண்டாக்கும். கருவை வைப்பதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்தி, அசாதியோபிரினுக்கு மாற வேண்டும். டல்லஸின் பெய்லர் மருத்துவமனை போன்ற இடங்களில் ஓராண்டுக் காத்திருப்பைச் சில மாதங்களாகக் குறைத்துக்கொண்டார்கள். மருந்து சாப்பிடும் காலம் எவ்வளவு குறைகிறதோ, அந்த அளவுக்கு சிறுநீரகத்துக்கு நல்லது என்பது அவர்கள் வாதம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

கர்ப்பம் முன்னேற முன்னேற இன்னொரு சிக்கலும் வரும். தாயின் ரத்தத்தின் அளவு கூடுகிறது. கல்லீரலும் மருந்தை வேகமாக உடைக்கிறது. நேற்றுவரை போதுமானதாக இருந்த அதே டோஸ் இன்று போதாமல் போகும். ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவை அடிக்கடி அளந்து மாத்திரையைக் கூட்ட வேண்டும். பிரசவமானதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புவதால் குறைக்கவும் வேண்டும்.

இரண்டு மில்லிமீட்டர் சதை

சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறிக் காட்டிக்கொடுக்கும். கல்லீரலுக்கும் அப்படியொரு பரிசோதனை உண்டு. கர்ப்பப்பைக்கு எதுவும் இல்லை. உடல் அதை மறுக்கத் தொடங்கினாலும் காய்ச்சல் வராது. வலி தெரியாது. பொருத்தும்போது ரத்தக் குழாய்களைத்தான் இணைக்கிறார்கள், நரம்புகளை இணைப்பதில்லை. பிரசவ வலியே முழுதாகத் தெரியாத இடத்தில் மறுப்பின் வலியா தெரியப்போகிறது?

ஆகவே மிச்சம் இருக்கும் ஒரே வழி, எட்டிப் பார்ப்பது. கர்ப்பப்பை வாயில் ஒரு சின்ன இடுக்கியால் கிள்ளி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதையை எடுக்கிறார்கள். முதல் மாதத்தில் சில முறை, பிறகு மாதம் ஒருமுறை, கர்ப்பத்தின்போதும் நிறுத்துவதில்லை. அதை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், மேலே அடுக்கடுக்கான மேல்தோல் செல்கள், கீழே இணைப்புத் திசு. இரண்டும் சேரும் கோட்டைத்தான் நோயியல் மருத்துவர் தேடிப் பார்க்கிறார். அந்தக் கோட்டை ஒட்டி நீலப் புள்ளிகளாக வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா, அவை மேல்தோலுக்குள் ஏறத் தொடங்கியிருக்கின்றனவா, அங்கங்கே ஒற்றைச் செல்கள் சுருங்கிச் செத்துக் கிடக்கின்றனவா? அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அடுத்த முறை பார்க்கலாம் என்று விடுவார்கள். கூட்டம் சேர்ந்திருந்தால் லேசான மறுப்பு. மேல்தோல் மெலிந்து உரிந்திருந்தால் கடுமையானது. இந்தத் தரவரிசையை கோதன்பர்க்கின் யோஹான் மோல்னேவும் சகாக்களும் 2017-ல் வகுத்துத் தந்தார்கள்.

கருவைச் சுமக்கும் உள்சுவரை விட்டுவிட்டு வாயில் ஏன் கிள்ளுகிறார்கள்? உள்சுவரைத் தொட்டால் கர்ப்பம் கலையும். அது மட்டும் காரணம் அல்ல. கர்ப்ப காலத்தில் உள்சுவர் முழுக்க வெள்ளை அணுக்கள் நிறைந்திருப்பதே இயல்பு. அங்கே கூட்டம் இருப்பது சமாதானத்தின் அடையாளம்; வாயில் கூட்டம் சேர்ந்தால் போரின் தொடக்கம். ஒரே உறுப்பின் இரண்டு மூலைகளில் ஒரே காட்சிக்கு இரண்டு பொருள். இதைப் பார்த்துப் பழகிய நோயியல் மருத்துவர் இல்லாத இடத்தில் இந்தச் சிகிச்சையைச் செய்யக் கூடாது என்பேன்.

ஒத்துப்போகாத இடங்கள்

இரண்டு சமாதானங்கள் என்று சொன்னேன். அவை எப்போதும் ஒன்றுக்கொன்று உதவுவதில்லை.

கர்ப்பிணியின் ரத்தத்தில் சண்டையை அடக்கும் ஒரு வகை டி செல்கள் பெருகுகின்றன. தந்தை வழி வந்த அந்நியத்தைப் பொறுத்துக்கொள்ள இவை முக்கியம். ஒருமுறை பழகிய கருவை அடுத்த கர்ப்பத்தில் இவை நினைவு வைத்திருக்கின்றன என்று 2012-ல் எலிகளில் காட்டினார்கள். இந்த அடக்கும் செல்கள் உயிர்வாழவும் ஐ.எல்.-2 வேண்டும். டாக்ரோலிமஸ் நிறுத்தி வைப்பது அதைத்தான். கர்ப்பப்பையைக் காக்கும் மருந்து, குழந்தையைக் காக்கும் செல்களின் உணவையும் குறைக்கிறது. கர்ப்பம் நிலைக்கவே செய்கிறது. ஆனால் மருந்தின் அளவை ஏன் தேவைக்கு மேல் ஒரு சொட்டுகூட ஏற்றக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது சைட்டோமெகலோ வைரஸ். நம்மில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே இதைப் பெற்று, உடலுக்குள் உறங்க விட்டிருக்கிறோம். கொடுப்பவரிடம் அந்த வைரஸ் இருந்து, வாங்குபவருக்கு அது ஒருபோதும் வந்ததில்லை என்றால், உறுப்போடு வைரஸும் சேர்ந்து வரும். எதிர்ப்பு சக்தியைக் குறைத்து வைத்த உடம்பில் அது விழித்துக்கொண்டால், கருவின் செவித்திறனையும் மூளையையும் பாதிக்கக்கூடியது. இதைத் தடுக்கக் கொடுக்கும் வால்கேன்சிக்ளோவிரோ கருவுக்கு ஆகாது. இருவரின் ரத்தத்தையும் முன்கூட்டியே பரிசோதித்து, கருவை வைக்கும் முன்பே வைரஸ் அடங்கியதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கர்ப்பமான பெண்ணின் உடல் சில சமயம் கணவரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிராக ஆன்டிபாடிகளைத் தயாரித்துவிடும். கணவரின் சிறுநீரகத்தை மனைவிக்கு வைக்கும் முன் மருத்துவர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இப்போது தாய்மாமனை மணந்த ஒரு பெண்ணுக்கு அவள் அம்மா கர்ப்பப்பை கொடுக்கிறார் என்று வையுங்கள். அம்மாவும் கணவரும் உடன்பிறந்தவர்கள். கணவரின் எச்.எல்.ஏ.வும், கர்ப்பப்பையில் அவளுக்கு அந்நியமாக உள்ள எச்.எல்.ஏ.வும் ஒன்றாகவே இருக்கலாம். முந்தைய கர்ப்பத்தில் கணவருக்கு எதிராக உருவான ஆன்டிபாடி நேரே கர்ப்பப்பையைத் தாக்கும். சொந்தத்தில் கொடுத்தால் நன்றாகப் பொருந்தும் என்ற பொதுவான நம்பிக்கையை இந்த இடத்தில் பரிசோதனை இல்லாமல் ஏற்கவே கூடாது.

திருப்பிக் கொடுக்கும் உறுப்பு

மற்ற உறுப்பு மாற்றுகளிலிருந்து இதை வேறுபடுத்துவது, இது நிரந்தரமல்ல என்பது. ஒன்றோ இரண்டோ குழந்தை பிறந்த பிறகு கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள், மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார்கள். 2017 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாவ்லோவில், இறந்தவரிடமிருந்து பெற்ற கர்ப்பப்பையில் உலகின் முதல் குழந்தை பிறந்தபோது, சிசேரியனின்போதே அதை எடுத்துவிட்டார்கள். ஆயுள் முழுக்க மருந்து சாப்பிட்டால் வரக்கூடிய தொற்று, சர்க்கரை, புற்றுநோய், சிறுநீரகச் சேதம் ஆகிய அபாயங்கள் சில ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. உயிரைக் காக்காத ஓர் உறுப்புக்காக இவ்வளவு அபாயத்தை ஏற்கலாமா என்று கேட்பவர்களுக்கு மருத்துவம் சொல்லும் நேர்மையான பதில் இது ஒன்றுதான்.

கர்ப்பப்பை போனாலும் குழந்தையின் சில செல்கள் தாயின் ரத்தத்தில் தங்கிவிடும். பிரசவமாகி 27 ஆண்டுகள் கழித்தும் மகனின் செல்கள் ஒரு தாயின் ரத்தத்தில் இருப்பதை அமெரிக்காவின் டயானா பியாங்கி 1996-ல் காட்டினார்.

தோல்வியையும் எண்ணுங்கள்

இந்த வெற்றிகளுக்கு முன்னால் வந்தவர்களை மறக்கக் கூடாது. 1931-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் கர்ப்பப்பை பொருத்தப்பட்ட லிலி எல்பே உயிரிழந்தார். மறுப்பைத் தடுக்கும் மருந்து என்ற ஒன்றே அப்போது கிடையாது. 2000-ல் ஜெட்டாவில் பொருத்திய கர்ப்பப்பையை 99-வது நாளில் எடுக்க நேர்ந்தது. இப்போதும் எல்லாருக்கும் கைகூடுவதில்லை. பெய்லரின் 20 பேரைப் பற்றிய முழுக் கணக்கு 2024-ல் ‘ஜாமா’ இதழில் வந்தது. 14 பேருக்குக் கர்ப்பப்பை நிலைத்தது. அந்த 14 பேருமே குறைந்தது ஒரு குழந்தையாவது பெற்றார்கள். பிறந்த குழந்தைகளில் பிறவிக் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. மீதி ஆறு பேர் பெரிய அறுவை சிகிச்சையைத் தாங்கி, கர்ப்பப்பையையும் இழந்தார்கள். கொடுத்தவர்களிலும் சிலருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. விளம்பரத்தில் 14 மட்டும் வரும். 20-ஐயும் சொல்லும் மருத்துவரை நம்புங்கள்.

இந்தியாவில் உறுப்பு மாற்றுக்கு 1994 முதல் சட்டம் இருக்கிறது. அம்மா, அக்கா, தங்கை கொடுக்கலாம். வணிக வாடகைத் தாய் முறைக்கு 2021 சட்டம் தடை போட்டதால், கர்ப்பப்பை இல்லாத பெண்களில் சிலர் இனி இந்த வழியை அதிகமாகக் கேட்கக்கூடும். உறவினரோ தோழியோ பணம் வாங்காமல் சுமக்கும் வழியும், தத்தெடுப்பும் திறந்தே இருக்கின்றன. ‘வாரிசு’ என்ற வார்த்தையின் அழுத்தத்தில் எந்தப் பெண்ணும் ஆபரேஷன் மேஜையில் படுக்கக் கூடாது; எந்த அம்மாவும் மாமியாரின் முகத்துக்காகத் தன் கர்ப்பப்பையைக் கொடுக்கக் கூடாது. அவளுக்கே வேண்டும் என்றால், எல்லாம் தெரிந்து அவளே கேட்டால், அது அவள் உரிமை.

அப்படிக் கேட்டு மருத்துவமனைக்குப் போகும் சகோதரிக்கு: அறுவை நிபுணரின் பெயரை விசாரிப்பதற்கு முன், கர்ப்பப்பை வாயில் கிள்ளி எடுக்கும் சதையை, அதாவது உங்கள் பயாப்ஸியை, யார் பார்ப்பார் என்று கேளுங்கள். டாக்ரோலிமஸின் அளவு அதே நாளில் கிடைக்குமா, உங்கள் ஊரிலிருந்து ரத்தம் அனுப்பினால் எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். உங்களுக்கு இரண்டு சிறுநீரகங்களும் இருக்கின்றனவா என்று ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். உங்கள் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபாடிகளின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 32 வாரத்தில் குழந்தை வந்துவிட்டால் பார்த்துக்கொள்ளப் பச்சிளம் குழந்தைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இவற்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், அந்த மருத்துவமனையில் கையெழுத்துப் போடாதீர்கள்.